ஐந்தாம் நாள் வந்து பார்ப்பேன்

குளிரறைக் கதவைத் திறந்ததும் கத்திரிக்கு முதலில் உறைத்தது வாசனை. பச்சைத் தண்டும் ஈரமும் கலந்த வழக்கமான வாடை இல்லை. லேசாக இனித்தது. அது சரியில்லை என்று மூக்கு சொன்னது. விளக்கைப் போட்டாள்.

பன்னிரண்டு வாளி, நானூறு வெள்ளைக் கார்னேஷன். நேற்றுக் காலை பாதி மொட்டாக விட்டுவிட்டுப் போனவை. சீக்கிரம் விரியட்டும் என்று குளிரைக் குறைத்து, கதவை இறுக்கிச் சாத்தி, பகல் முழுக்க மண்டபத்தில் கம்பிச் சட்டகம் மாட்டப் போய்விட்டாள். இந்நேரம் ஒவ்வொன்றும் சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை மாதிரி அகலமாக நிற்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் இதழை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, நனைந்த காகிதத்தைக் கசக்கிப் போட்டது போலச் சுருண்டிருந்தது. ஒரு வாளியிலாவது, ஒரு தண்டிலாவது நல்ல பூ இருக்குமா என்று கையை விட்டுத் துழாவினாள். இல்லை.

பூக்கடைகளில் இதைப் பூ தூங்கிவிட்டது என்பார்கள். கார்னேஷன் ஒருமுறை தூங்கினால் எழுந்திருக்காது. தண்டை மறுபடி வெட்டினாலும், வெந்நீரில் நிறுத்தினாலும், காலில் விழுந்து கும்பிட்டாலும் எழுந்திருக்காது.

மூலையில் சாய்த்து வைத்திருந்த கிளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றில் கொத்துக் கொத்தாக இருந்த சிவப்பு உருண்டைகள் துடைத்து வைத்த மாதிரி பளபளத்தன. பக்கத்தில், மலர்வளையம் கேட்டு யாராவது வந்தால் ஆகும் என்று வாங்கிப் போட்டிருந்த வெள்ளைச் சாமந்தி இரண்டு வாளி. அதுவும் வைத்தபடியே இருந்தது. செத்தது கார்னேஷன் மட்டும்.

மணி ஐந்தரை. பதினொரு மணிக்குள் இந்த நானூறும் இசைமண்டபத்தின் முகப்புக் கூடத்தில் தலைக்கு மேலே தொங்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் ஏணியை உள்ளே விட மாட்டார்கள். ஒத்திகை ஆரம்பித்துவிடும்.

கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பழைய முதலாளியின் பூக்கடையில் எட்டு வருஷம் கூடை கட்டினாள். அங்கே கை வேகத்துக்கும் வாய் வேகத்துக்கும் சேர்த்து ஒட்டிக்கொண்ட பெயர். எட்டு வருஷத்தில் ஒரு கூடைகூட அவள் இஷ்டத்துக்குக் கட்டியதில்லை. கடையில் ஒரு படப்புத்தகம் இருந்தது. வாடிக்கையாளர் பதினாறாம் நம்பரில் விரலை வைத்தால் பதினாறாம் நம்பர். குழந்தை பிறந்தாலும் பதினாறு, ஆள் போனாலும் பதினாறு, ரிப்பன் நிறம்தான் மாறும். வீட்டுக்குப் போய் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் வேறு என்னென்னவோ வரைந்துகொண்டிருந்தாள். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் கத்திரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"போய்ப் பாரு. உன் மேஜை இங்கயேதான் இருக்கும்" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிந்தது.

அக்காவின் கணவர் பழ மொத்த வியாபாரி. அவர் தன் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த குளிரறையைக் கொடுத்தார். "பூவை வை, கீரையை வை, என்னத்தையோ வை" என்று கையை வீசிவிட்டுப் போனவர் மாமா. நிபந்தனை போட்டது அவள்தான். குளிரறைக்குள் ஒரே ஒரு பழம்கூட வரக் கூடாது. பழுத்த பழம் ஒரு வாயுவை விடும். வாழைக்காய்ப் பக்கத்தில் பழுத்த ஆப்பிளை வைத்தால் வாழை சீக்கிரம் பழுப்பது அதனால்தான். பழத்துக்கு அது நல்லது, கார்னேஷனுக்கு அது எமன். சொன்னதோடு நிற்காமல் ஒரு பூட்டும் வாங்கி மாட்டினாள். மாமா பூட்டைப் பார்த்துச் சிரித்தார்.

ஏழு மாதத்தில் கிடைத்த ஒரே உருப்படியான வேலை இந்த மண்டபம். அதன் மேலாளர் ஐம்பது வயதுப் பெண். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். காலண்டர் தாளில் கத்திரி வரைந்திருந்ததை வாங்கிப் பார்த்தார். கூரையிலிருந்து விரியும் கிளைகள், அவற்றில் சிவப்பு, சிவப்பை ஒட்டி ஒட்டி மூடுபனி மாதிரி வெள்ளைப் பூக்கள்.

"முதல் நாள் எந்தப் பூவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார் மேலாளர். "அன்னைக்கு நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். அஞ்சாம் நாள் வந்து பார்ப்பேன். அன்னைக்கும் நின்னா, வருஷம் பூரா இந்தக் கூடம் உங்களோடது. வாரா வாரம் உங்க இஷ்டப்படி செய்யலாம். நிக்கலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

உங்க இஷ்டப்படி. அந்த வார்த்தையை அவள் பத்து நாளாக வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தாள். இது போனால் திங்கட்கிழமை பழைய கடையில் பதினாறாம் நம்பர். அக்காவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

முன்கடையில் மாமாவும் இரண்டு ஆட்களும் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கத்திரி நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"யாரு மாமா உள்ள பழம் வெச்சது?"

"எந்த உள்ள?"

"விளையாடாதீங்க. என் ரூம்ல."

"உன் ரூம் பக்கம் நான் மூச்சுகூட விடறது இல்லியேம்மா. என்ன ஆச்சு?"

"பூ பூராவும் தூங்கிடுச்சு."

"தூங்கிடுச்சா? தட்டி எழுப்பு."

விளையாட்டாகத்தான் சொன்னார். இரண்டு ஆட்களில் ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான், கத்திரியின் வாய் திறந்துகொண்டது.

"அழுகினதை அடியில போட்டு நல்லதை மேல அடுக்கி விக்கிற ஆளுக்கு என் வேலை சிரிப்பாத்தான் இருக்கும். நான் எங்க ஆளாயிடுவேனோன்னு உங்களுக்குப் பயம். பொண்டாட்டி தங்கச்சி எந்நாளும் உங்க கடைப் பின்னாடியே கைகட்டி நிக்கணும். அதுதானே வேணும்? நிக்கறேன். சந்தோஷமா இருங்க."

சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். மாமா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பைக் கழற்றி அதையும் பெட்டி மேல் வைத்துவிட்டார் போல் இருந்தது.

"சாவி யார்கிட்டம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவள் வெளியே வந்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கதவுக்கு அடியில் இடைவெளி இருக்கிறது, அது வழியாக இவர் கடை வாயு வந்திருக்கும் என்று வழி முழுக்கத் தனக்குத் தானே வாதாடிக்கொண்டு போனாள். அந்த இடைவெளியை முதல் மாதமே ரப்பர் பட்டை ஒட்டி அடைத்தது அவள்தான். அதை நினைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக வண்டியை இன்னும் முறுக்கினாள்.

இந்த ஊரில் அந்த நேரத்தில் நானூறு வெள்ளைக் கார்னேஷன் இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்.

பழைய முதலாளி அப்போதுதான் கடை திறந்து வாசலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடினார். ஆச்சரியப்படவில்லை.

"வா கத்திரி."

விஷயத்தைச் சொன்னாள். கேட்கும்போது அவர் உச்சுக் கொட்டவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை.

"நானூறுதானே. இருக்கு. எடுத்துட்டுப் போ."

கத்திரி காத்திருந்தாள். இந்த மனுஷர் தரையில் விழுந்த ரப்பர் வளையத்தைக் குனிந்து பொறுக்கி டப்பாவில் போடுகிறவர். அறுந்த ரிப்பன் துண்டைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. ஏதாவது கேட்பார் என்று நின்றாள். அவர் கேட்கவில்லை. தானே குளிரறைக்குள் போய், தானே முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அறுபது வயதில், இடுப்பு வலியோடு.

"பதிலுக்கு என்ன சார் செய்யணும்?"

"உன்கிட்ட என்னத்தைக் கேக்கறது? எட்டு வருஷம் என் கடையில நின்ன கை. போய் நல்லாக் கட்டு."

பூக்கள் அருமையாக இருந்தன. சுத்தமான வெள்ளை, விறைப்பான தண்டு. கையில் எடுத்தபோது அவளுக்குக் கண்ணே கலங்கிவிடும் போல் இருந்தது. போன வாரம் பூச்சந்தையில் எதிரே வந்தவரிடம் வீம்புக்காகத் தன் படத்தைக் காட்டியது நினைவுக்கு வந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "பிரமாதம். ஒண்ணையும் மாத்தாதே" என்றார். எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து பிரமாதம் வந்ததில்லை. சரி, மனுஷன் மாறிவிட்டார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாளியைக் கொண்டுவந்து வைத்தவர் நிமிர்ந்தார்.

"கிளையெல்லாம் பத்திரமா இருக்கா? பழம் ஒண்ணும் உதிரலையே?"

"இல்ல சார்."

"அதான் அந்த வேலைக்கே உயிர். பூவைத் தள்ளி வெச்சுடாதே. பழத்தோட ஒட்டிக் கட்டு, நெருக்கமா."

சொல்லிவிட்டு நாலாவது வாளிக்காக உள்ளே போனார். கத்திரி அவர் முதுகைப் பார்த்தாள். முதுகுக்கு மேலே, குளிரறைக் கதவின் நெற்றியில், மஞ்சளாகிப்போன அட்டை ஒன்று தொங்கியது. 'பழம் உள்ளே கொண்டு போகக் கூடாது.' எட்டு வருஷத்துக்கும் முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவள் கையால் எழுதி மாட்டியது. எழுத்து இன்னும் அவள் எழுத்தாகவே இருந்தது.

கையில் எடுத்த பூவை வாளிக்குள் திரும்ப வைத்தாள்.

கிளை என்றுதான் வாங்கினாள். கிளை என்றுதான் நேற்று அதிகாலை வண்டியிலிருந்து இறக்கி, தன் கையால் பூட்டைத் திறந்து, கார்னேஷன் வாளிகளுக்குப் பக்கத்தில் சாய்த்தாள். சிவப்பு வேண்டும் என்று தேடிப் பிடித்த கிளை. உருண்டை என்றால் வேறென்ன, குட்டி ஆப்பிள். கைப்பிடிக்குள் நாலு அடங்கும், ஆனால் பழுத்த ஆப்பிள். ஒரு கிளையில் எண்பது இருக்கும். பதினாலு கிளை. குளிரைக் குறைத்து, கதவைச் சாத்தி, ஒரு பகலும் ஒரு இரவும். மாமாவின் பழப்பெட்டி ஒன்று குளிரறைப் பக்கம் வந்தாலே ஊரைக் கூட்டுகிறவள், ஆயிரம் பழத்தைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அது அவள் படத்தில் இருந்த சாமான். அதனால் அவள் கண்ணுக்கு அது பழமாகவே தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. இந்த நல்ல நானூறையும் கொண்டுபோய் அதே கிளையில், அதே பழத்தோடு ஒட்டித்தானே கட்டப் போகிறாள்?

முதலாளி நாலாவது வாளியோடு வந்தார்.

"சார், இதை நீங்க சொல்ற மாதிரி கட்டினா எத்தனை நாள் நிக்கும்?"

"இன்னைக்குப் பிரமாதமா நிக்கும்."

"அஞ்சாம் நாள்?"

வாளியை மெதுவாக வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"உன் மேஜையை நான் யாருக்கும் குடுக்கல, கத்திரி."

"படத்தைப் பார்த்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே சார்."

"நீ கேக்கலையே. என்கிட்ட வேலை பார்த்தப்போ தப்பு பண்ணினா திட்டினேன். இப்ப நீயே முதலாளி. முதலாளியை யாரும் திட்ட மாட்டாங்க. பழகிக்கோ."

அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. தன்னிடம் வேலை செய்த நல்ல கை தன்னிடமே திரும்பிவர வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு வியாபாரியின் குரல்தான். கத்திரிக்கு வசவு நாக்கு நுனி வரை வந்தது. காலையில் ஒருமுறை அந்த நாக்கை நம்பிக் கெட்டது போதும் என்று விழுங்கினாள்.

"வாளியை உள்ள வெச்சுடுங்க சார். வெயில் வந்துடும்."

வண்டியை எடுக்கும்போது மணி ஆறு ஐம்பது.

திரும்பிவந்தவள் நேராகக் குளிரறைக்குப் போனாள். ஒரு கிளையைத் தூக்கிக்கொண்டு முன்கடைக்கு வந்து மாமாவின் தராசுத் தட்டில் வைத்தாள். இரண்டு ஆட்களும் அங்கேயே நின்றார்கள்.

"பழம் இதான். நான்தான் வெச்சேன்."

மாமா கிளையைப் பார்த்தார். ஒன்றைப் பறித்துக் கடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. தூ என்று துப்பினார்.

"இதையா பழம்ங்கறே? மாட்டுக்கு வெச்சா மாடு முட்டும்."

"மாமா, நான் சொன்னது தப்பு."

"எது? அழுகினதை அடியில போட்டு விக்கறேன்னு சொன்னதா?"

"அது. அதுக்கு அப்புறம் சொன்னதும்."

"என் ஆளுங்க முன்னாடி."

"அதான் அவங்க முன்னாடியே வந்து நிக்கறேன்."

மாமா அவசரப்படவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். சிரித்தவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"ஏணி வேணுமா?"

"வேணும்."

"வண்டி?"

"வேணும்."

"உன் வாய்?"

"வேணாம் மாமா."

"அதை இங்கயே இறக்கி வெச்சுட்டு ஏறு."

குளிரறையைக் காலி செய்தார்கள். நானூறு கார்னேஷனும் குப்பைக் கூடைக்குப் போயிற்று. இப்போது பழக்கிளையும் சாமந்தியும் மட்டும் மிச்சம். கத்திரி சாமந்தி வாளி முன்னால் குந்தினாள். இது கிளைக்கு ஒரு சாண் தள்ளித்தான் ஒரு பகலும் இரவும் நின்றிருக்கிறது. இதழைத் திருப்பிப் பார்த்தாள், விரலால் நசுக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இதற்கு அந்த வாயு உறைக்கவே இல்லை. ஒரு நாள் சோதனையை அவள் கேட்காமலே குளிரறை நடத்தி முடித்திருந்தது.

ஆனால் சாமந்தி. பதினாறாம் நம்பரில் வெள்ளை ரிப்பனோடு சவப்பெட்டி மேல் போகிற சாமந்தி. அதுவும் நானூறு இல்லை, எழுபத்திரண்டு. ஊர்க் கடைகளையெல்லாம் அலசி இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம், நேரம் இல்லை. காலண்டர் தாளை எடுத்து மேஜையில் போட்டாள். அதில் வரைந்திருந்த மூடுபனியைக் கோடு போட்டு அடித்தாள். எழுபத்திரண்டு பூவை வைத்து மூடுபனி வராது. அடித்ததற்கு மேலேயே வேறு மாதிரி கிறுக்கினாள். கிளைகள் வெறுமையாக இருக்கட்டும். பூ கிளையில் வேண்டாம், கிளைக்குக் கீழே, ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பியில், விழுந்துகொண்டே இருக்கிற மாதிரி பாதி வழியில் நிற்கட்டும்.

"இது நல்லா இருக்குமா?" என்றார் எட்டிப் பார்த்த மாமா.

"தெரியாது."

மண்டபத்தில் முதல் கஷ்டம் சட்டகம். நானூறு பூ, ஒவ்வொன்றின் காலிலும் விரல் நீளத் தண்ணீர்க் குப்பி, அத்தனை பாரத்துக்கும் கணக்குப் போட்டு நேற்று மாட்டிய சட்டகம் அது. கிளைகளைக் கட்டியதும் பாரம் இல்லாத பக்கம் தூக்கிக்கொண்டது. மூன்று கிளையை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டினாள். அப்போதும் சாய்ந்தது. ஒன்பதரை. ஏணியின் உச்சியில் நின்று இன்னொரு முடிச்சை அவிழ்த்தாள். கீழே மாமா ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் வரிசையாகக் குட்டி ஆப்பிள் விழுந்தது.  ஒருமுறை மட்டும், "நாலாவது" என்று எண்ணினார்.

பத்தே காலுக்குச் சட்டகம் நேரானது. பூக்களைத் தொங்கவிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு நீளம். அளக்க நேரம் இல்லை. கண் சொன்ன இடத்தில் வெட்டினாள். முப்பது, நாற்பது. பத்து ஐம்பதுக்குக் காவலாளி வந்தார்.

"ஏணியை எடுங்க. வாத்தியமெல்லாம் வருது."

"பத்து நிமிஷம் இருக்கு" என்றார் மாமா.

"என் கடிகாரத்துல ஏழு."

"அப்ப ஏழு."

அறுபத்தெட்டாவது பூவைக் கட்டும்போது மேலாளர் கூடத்தைக் கடந்து போனார். கையில் கோப்பு. தலைக்கு நேர் மேலே ஒரு பெண் ஏணியில் தொங்கிக்கொண்டிருக்கிறாள், பூக்கள் அவர் நெற்றியை உரசும் தூரத்தில் ஆடுகின்றன, மனுஷி நிமிரவில்லை. சொன்ன சொல் தவறாதவர். கத்திரியின் கையிலிருந்து கம்பி நழுவியது. மறுபடி எடுத்தாள். எழுபத்திரண்டையும் கட்டி முடித்து இறங்கியபோது, ஏணியின் மறுமுனை ஏற்கெனவே காவலாளியின் தோளில் இருந்தது.

அந்த ஐந்து நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் காலையில் காவலாளியைக் கெஞ்சி ஏணியோடு உள்ளே போய்க் குப்பிகளில் தண்ணீர் நிரப்பினாள். இரண்டாம் நாள் இலைகள் தளர்ந்தன. மூன்றாம் நாள் அத்தனை இலையையும் ஒன்று விடாமல் கிள்ளி எடுத்தாள். கிளையும் பழமும் மட்டும் மிஞ்சின. நாலாம் நாள் பழங்கள் இன்னும் கருஞ்சிவப்பாயின, சில உதிர்ந்தன. சாமந்தி அசையவில்லை.

ஐந்தாம் நாள் மேலாளர் கூடத்தின் நடுவில் நின்று நிமிர்ந்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததில் கத்திரிக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"படத்துல இருந்தது இது இல்லையே."

"இல்லைங்க. அந்தப் பூவெல்லாம் செத்துப்போச்சு. இந்தப் பழத்தோட ஒரே ரூம்ல வெச்சுப் பூட்டிட்டேன். என் தப்புதான்."

"வேற கார்னேஷன் கிடைக்கலையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும்.

"கிடைச்சுது. நான்தான் எடுக்கல. அதைக் கட்டியிருந்தா ரெண்டாம் நாளே சுருள ஆரம்பிச்சிருக்கும். படமே தப்புங்க. நீங்க பார்த்துச் சரின்னு சொன்ன படம்."

மேலாளர் அவளைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு குட்டி ஆப்பிளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நேத்து என் தலையில விழுந்துச்சு."

"மன்னிச்சுக்குங்க."

"அடுத்த வாரம் தலையில விழாத மாதிரி ஏதாவது யோசிங்க."

சொல்லிவிட்டுக் கோப்போடு போய்விட்டார். அவர் மறுபடி நிமிர்ந்து பார்த்தாரா என்று கத்திரிக்குத் தெரியாது. அவளுக்கு 'அடுத்த வாரம்' என்பதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"மாமா, ஏணி வேணும்."

"என்னைக்கு?"

"வாரா வாரம். வருஷம் பூரா."

மறுமுனையில் பெட்டி இறக்கும் சத்தம் சற்று நின்றது.

"அழுகின ஏணிதான் இருக்கு. பரவாயில்லையா?"

"மேல நல்லதா ஒண்ணை அடுக்கிக் குடுங்க."

"இந்த வாய்க்குத்தான்..." என்று ஆரம்பித்தவர் வைத்துவிட்டார்.

பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டாள். பென்சில் கையில் இருந்தது. விரலைக் காட்ட இனி ஒரு படப்புத்தகம் இல்லை. என்ன வேண்டுமானாலும் வரையலாம். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வாரத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.